லேப்டாப்ல இருந்து டிவிக்கு படம் வரல, 'நோ சிக்னல்'னு மட்டும் காட்டுது. போர்ட் போச்சுன்னு கடையில சொல்றாங்க, உண்மையா?

தென்காசி டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டு மாடில சாயங்காலம் பத்தாவது பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கேன், பக்கத்துத் தெரு பிள்ளைங்கதான், காசெல்லாம் வாங்குறது கிடையாது. ஜியாமெட்ரியில தொடுகோடு, வடிவொத்த முக்கோணம் எல்லாம் கரும்பலகையில வரைஞ்சா பின்னாடி இருக்கிற பிள்ளைக்கு தெரிய மாட்டேங்குது, அதனால ஜியோஜீப்ரான்னு கணக்குப் படம் வரையற சாஃப்ட்வேர்ல வரைஞ்சு டிவில காட்டலாம்னு இருக்கேன். தம்பி அவனோட பழைய கேமிங் லேப்டாப்ப குடுத்துட்டுப் போயிருக்கான், விண்டோஸ் 11. டிவி 43 இன்ச் 4கே, சுவத்துல மாட்டியிருக்கு. வீடு கட்டும்போதே சுவத்துக்குள்ள பைப் போட்டு ஹெச்டிஎம்ஐ கேபிள் இழுத்து வச்சிருக்கோம், மேஜை வரைக்கும் பத்து மீட்டர் இருக்கும்.

அந்தக் கேபிள்ல செட்டாப் பாக்ஸ மாட்டினா படம் பளிச்சுன்னு வருது, அதையே உருவி லேப்டாப்ல சொருகினா டிவில 'நோ சிக்னல்'. விண்டோஸ் கீயும் பி-யும் அமுக்கி டூப்ளிகேட் குடுத்தேன், எக்ஸ்டெண்ட் குடுத்தேன், ரீஸ்டார்ட் பண்ணேன், ஒண்ணும் ஆகல. கடைக்கு எடுத்துட்டுப் போனா திறந்துகூட பாக்காம 'ஹெச்டிஎம்ஐ போர்ட் போயிருச்சு, உள்ள இருக்கிற மதர்போர்டையே மாத்தணும், ஒம்பதாயிரம் ஆகும்'னு சொல்லிட்டாங்க. அவ்வளவு காசு போடுறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம்னுதான் இங்க போடுறேன்.

நைட்ஷிப்ட்:
டீச்சர், காச குடுத்துடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. நாலு விஷயம் சொல்லுங்க. டிவியில ரிமோட்ல இன்புட் மாத்தும்போது கேபிள் சொருகியிருக்கிற அதே நம்பர் ஹெச்டிஎம்ஐ தானே செலக்ட் பண்றீங்க? லேப்டாப்ல கேபிள் சொருகின உடனே ஸ்கிரீன் ஒரு செகண்ட் கறுத்து திரும்ப வருதா? செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுக்குள்ள டிஸ்பிளே போனா 1, 2ன்னு ரெண்டு பெட்டி தெரியுதா? டிவைஸ் மேனேஜர்ல டிஸ்பிளே அடாப்டர்ஸ்ங்கிற இடத்துல மஞ்சள் முக்கோணம் எதுவும் இருக்கா?

கடைசி கேள்வி ஏன்னா கேமிங் லேப்டாப்ல நிறைய மாடல்ல ஹெச்டிஎம்ஐ போர்ட் நேரா என்விடியாங்கிற தனி கிராபிக்ஸ் சிப்புக்குதான் போகும், பிராசஸரோடவே வர்ற இன்டெல் கிராபிக்ஸுக்கு போகாது. பேட்டரி நிக்கணும்னு யாராவது என்விடியாவ டிசேபிள் பண்ணி வச்சிருந்தா போர்ட் செத்த மாதிரியே இருக்கும், போர்டுல ஒண்ணும் ஆகியிருக்காது.

தென்காசி டீச்சர்:
நன்றி தம்பி. இன்புட் சரியாத்தான் இருக்கு, டிவியில ஹெச்டிஎம்ஐ 1, அதுலதான் செட்டாப் பாக்ஸும் ஓடுது. கேபிள் சொருகினதும் லேப்டாப் ஸ்கிரீன் கறுத்துட்டு வருது. டிஸ்பிளேல ரெண்டு பெட்டி இருக்கு, ரெண்டாவது பெட்டிய அமுக்கிட்டு அட்வான்ஸ்டு டிஸ்பிளே போனா எங்க டிவி கம்பெனி பேரே வருது! மஞ்சள் முக்கோணம் இல்ல, இன்டெல், என்விடியா ரெண்டுமே இருக்கு. டிவி மட்டும் நோ சிக்னல், சில சமயம் ஒரு நொடி கறுப்பாயி மறுபடி நோ சிக்னல்னு வருது.

கோவை மெக்கானிக்:
டீச்சரம்மா, டிவி பேரு லேப்டாப்ல வருதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி விஷயம் வந்துருச்சுங்க. நான் பதினஞ்சு இருபது வருசமா போர்டு வேலைதான் பாக்குறேன், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

ஹெச்டிஎம்ஐ முனையில 19 பின் இருக்குங்க. படம் போறது அதுல ஒரு கூட்டம், மூணு ஜோடி கம்பி டேட்டாவுக்கு, ஒரு ஜோடி கிளாக்குக்கு. அது போக தனியா சின்னச் சின்ன வேலைக்கு கொஞ்சம் பின். 18ஆவது பின்ல லேப்டாப் 5 வோல்ட் அனுப்பும், டிவி 19ஆவது பின்ல 'நான் இங்க இருக்கேன்'னு பதில் சொல்லும், அதைத்தான் ஹாட் பிளக் டிடெக்ட்னு சொல்றது. அப்புறம் 15, 16 ரெண்டு பின் வழியா லேப்டாப் டிவியோட ஜாதகத்த வாங்கும். ஈடிஐடின்னு பேரு. கம்பெனி என்ன, எந்தெந்த ரெசல்யூஷன் தாங்கும், சத்தம் வாங்குமா, எல்லாம் அதுலதான் இருக்கும். முதல் பிளாக் 128 பைட் தான், அது ரொம்ப மெதுவா போற லைன், எவ்வளவு நீளமான கேபிள்லயும் பெரும்பாலும் தப்பிச்சு வந்துரும்.

உங்க லேப்டாப்ல டிவி பேரு வந்துச்சுன்னா அந்த 5 வோல்ட், ஹாட் பிளக், ஈடிஐடி லைன் மூணும் வேலை செய்யுது. போர்ட் மொத்தமா போயிருந்தா பேரே வராதுங்க. படம் போற ஜோடில ஏதாவது ஒண்ணு அடிபட்டிருக்க வாய்ப்பு இன்னும் இருக்கு, அத நான் மறுக்கல, ஆனா அதுக்கு முன்னாடி உங்க பத்து மீட்டர் கேபிள் மேலதான் எனக்கு சந்தேகம்.

தென்காசி டீச்சர்:
கேபிள்ல கோளாறுன்னா செட்டாப் பாக்ஸ் மட்டும் எப்படி சார் நல்லா வரும்? அது ஒண்ணுதான் எனக்கு பிடிபடல. கேபிள்ல தப்பில்லன்னு நான் நினைச்சதே அதனாலதான்.

கோவை மெக்கானிக்:
கேக்க வேண்டிய கேள்விங்க. செட்டாப் பாக்ஸ் அனுப்புறது பெரும்பாலும் 1080i இல்லன்னா 720p, ரெண்டும் 4கேவ விட சின்ன அளவு படம். அதுக்கு கேபிள்ல நொடிக்கு 2.23 ஜிகாபிட் போனா போதும். லேப்டாப் என்ன பண்ணும், ஈடிஐடிய படிச்சு 'ஓ இது 4கே டிவி, 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம் தாங்கும்'னு தெரிஞ்சுக்கிட்டு அவ்வளவையும் அனுப்பப் பாக்கும். 4கே 60க்கு 17.82 ஜிகாபிட். எட்டு மடங்கு! கேபிள் அதேதான், ஆனா மேல ஏத்துற பாரம் எட்டு மடங்கு. ரெண்டும் எப்படிங்க ஒண்ணாகும்?

சாதா செம்புக் கம்பி கேபிள்ல நீளம் கூடக் கூட இந்த வேகத்துக்கு சிக்னல் கரைஞ்சு போயிரும். மூணு மீட்டர் வரைக்கும் நல்ல கேபிள்னா பயமில்ல, அஞ்சு தாண்டினா கேபிளப் பொறுத்தது, பத்து மீட்டர்ல 4கே 60 செம்புல வர்றது அபூர்வம். அதுவும் வீடு கட்டும்போது போட்டதுன்னு சொல்றீங்க, ஹெச்டிஎம்ஐ 2.0 வந்ததே 2013ல தான், உங்க கேபிள் அதுக்கு முந்தின ரகமா இருந்தாலும் ஆச்சரியமில்ல. டிவிக்கு பாதி உடைஞ்ச சிக்னல் போகும், அதப் புரிஞ்சுக்க முடியாம 'நோ சிக்னல்'னு போட்டுரும். ஒரு நொடி கறுப்பாயி திரும்புதுன்னு சொன்னீங்களே, அது டிவி பிடிக்கப் பாத்து விடுறதுங்க.

சோதிக்கிற வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு, செட்டாப் பாக்ஸ் கூட வந்த சின்னக் கேபிள் இருக்கும், லேப்டாப்ப டிவி பக்கத்துல கொண்டு போயி அதுல நேரா சொருகிப் பாருங்க. இன்னொண்ணு, அந்த நீளக் கேபிள்லயே லேப்டாப்ப 1080பி அனுப்பச் சொல்லுங்க.

வைகைக்கரை:
அக்கா, கோல்டு பிளேட்டட் கேபிள் ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க, மூவாயிரம் ரூபா ஆகும் ஆனா சூப்பரா வரும், என் ஃப்ரெண்டு வீட்ல அதான் போட்டிருக்காங்க.

கோவை மெக்கானிக்:
தம்பி, தங்க முலாம் பின் துருப்பிடிக்காம இருக்கத்தான். கடலோரத்துல, தூத்துக்குடி ராமேஸ்வரம் பக்கம் இருந்தா அதுக்கு அர்த்தம் உண்டு. கேபிளோட வேகத்துக்கும் முலாமுக்கும் சம்பந்தமே இல்லைங்க. வாங்கறதா இருந்தா டப்பாமேல 'பிரீமியம் ஹை ஸ்பீடு'ன்னு ஸ்கேன் பண்ற லேபிள் இருக்கான்னு பாக்கணும், அது 18 ஜிகாபிட்டுக்கு சோதிச்ச கேபிள். சும்மா '4கே'ன்னு மட்டும் அச்சடிச்சிருந்தா அது 4கே 30க்கா 60க்கான்னே தெரியாது. டீச்சர இப்ப எதையும் வாங்க வைக்காதீங்க, மொதல்ல சோதிக்கட்டும்.

தென்காசி டீச்சர்:
லேப்டாப்ப தூக்கிட்டு டிவி பக்கத்துல போறது இப்ப முடியாது, மாமா தூங்குறாங்க. 1080 வச்சுப் பாத்தேன் சார். எக்ஸ்டெண்ட் பண்ணி, ரெண்டாவது பெட்டிய அமுக்கி, ரெசல்யூஷன் 1920 x 1080 குடுத்தேன். அப்பவும் நோ சிக்னல்தான். அப்ப போர்ட் தானா?

நைட்ஷிப்ட்:
இல்ல டீச்சர், அவசரப்படாதீங்க, இங்கதான் விண்டோஸ் நம்மள ஏமாத்தும். ஆபீஸ்ல மீட்டிங் ரூம் டிவிங்க கிட்ட நான் இத அடிக்கடி பாக்குறேன். நீங்க மாத்தினது டெஸ்க்டாப்போட சைஸ மட்டும். லேப்டாப்புக்குள்ள 1080ல வரைஞ்சு, கிராபிக்ஸ் சிப் அத பெருசாக்கி, கேபிள்ல மறுபடி 4கேவாவே அனுப்பிட்டு இருக்கும்.

அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்துக்கே போங்க, மேல டிவி பேரு இருக்கான்னு பாத்துக்கோங்க. கீழ டெஸ்க்டாப் மோடு, ஆக்டிவ் சிக்னல் மோடுன்னு ரெண்டு வரி இருக்கும். டெஸ்க்டாப் மோடு 1920 x 1080ன்னும், ஆக்டிவ் சிக்னல் மோடு 3840 x 2160ன்னும், அதாவது 4கேன்னும் இருந்தா நான் சொன்னதுதான் நடக்குது. அதே பக்கத்துல டிஸ்பிளே அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸ்னு ஒரு லிங்க் இருக்கும், அத அமுக்கினா பழைய காலத்து சின்ன ஜன்னல் ஒண்ணு திறக்கும், அதுல 'லிஸ்ட் ஆல் மோட்ஸ்'னு பட்டன். அந்த லிஸ்ட்ல 1920 பை 1080, ட்ரூ கலர், 60 ஹெர்ட்ஸ் எடுத்து ஓகே குடுங்க. 'கீப் சேஞ்சஸ்'னு கேக்கும், 15 செகண்டுக்குள்ள அமுக்கணும், விட்டா பழையபடி 4கேக்கு போயிரும். அந்த ஜன்னல் டிவி பக்கம் போயிட்டா உங்களுக்கு தெரியாது, அதனால லேப்டாப் ஸ்கிரீன மெயின் டிஸ்பிளேவா வச்சிட்டு செய்யுங்க.

தென்காசி டீச்சர்:
வந்துருச்சு!!! படம் வந்துருச்சு தம்பி! நீங்க சொன்ன மாதிரியே டெஸ்க்டாப் மோடு 1080, ஆக்டிவ் சிக்னல் 3840ன்னுதான் இருந்துச்சு, லிஸ்ட் ஆல் மோட்ஸ்ல 60 ஹெர்ட்ஸ் குடுத்ததும் ரெண்டு செகண்ட்ல டிவி முழுக்க வந்துருச்சு. ஒம்பதாயிரம் மிச்சம். கோவை சார், உங்களுக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, கேபிள் மேல சந்தேகம்னு நீங்க சொன்னது அப்படியே சரியாப் போச்சு.

கோவை மெக்கானிக்:
ரொம்ப சந்தோசம்ங்க. ஆனாலும் நாளைக்கு நேரம் கிடைக்கும்போது சின்னக் கேபிள்ல 4கே வருதான்னு ஒரு தடவை பாத்துருங்க, போர்ட் முழு வேகத்துக்கும் நல்லா இருக்குன்னு உறுதியாயிரும். படம் ஓடிட்டு இருக்கும்போது அங்கங்க வெள்ளைப் புள்ளி மின்னுதா, நடுவுல ஒரு நொடி கறுக்குதான்னும் கவனிங்க. அது இருந்தா கேபிள் 1080க்கே திணறுதுன்னு அர்த்தம்.

தென்காசி டீச்சர்:
சின்னக் கேபிள்ல பாத்துட்டேன் சார். செட்டாப் பாக்ஸ் கேபிள், ஒன்றரை மீட்டர், டிவி பக்கத்துல ஸ்டூல் போட்டு லேப்டாப்ப வச்சேன். 4கே 60 சொருகின உடனே வந்துச்சு, எதையும் மாத்த வேண்டியிருக்கல. போர்ட்ல ஒரு குறையும் இல்ல. அந்தக் கடைக்காரங்க அவங்க கடையில இருந்த ஒரு டிவிலயோ மானிட்டர்லயோ ஒரு நிமிஷம் சொருகிப் பாத்திருந்தாக்கூட தெரிஞ்சிருக்கும். படிக்கிற பிள்ளைங்க எத்தனை பேரு இப்படி கேட்டு பயந்து லேப்டாப்ப மூலையில போட்டிருப்பாங்களோன்னு மனசு கஷ்டமா இருக்கு.

நீளக் கேபிள்ல புள்ளி எதுவும் மின்னல. ஆனா மூணு பிரச்சினை. சத்தம் லேப்டாப்லதான் வருது. கீழ டாஸ்க்பார் பாதி டிவிக்கு வெளிய போயிருது, ஜியோஜீப்ராவோட டூல்பார் மேல வெட்டுப்படுது. எழுத்தெல்லாம் ஒரு மாதிரி கூர்மை ஜாஸ்தியா, ஓரத்துல வெள்ளைக் கோடு போட்ட மாதிரி இருக்கு.

நைட்ஷிப்ட்:
சத்தம் ஈஸி. டாஸ்க்பார்ல ஸ்பீக்கர் ஐகான அமுக்கி, வால்யூம் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற அம்புக்குறில டிவி பேர செலக்ட் பண்ணுங்க. டிவி பேரு அந்த லிஸ்ட்ல இல்லன்னா டிவைஸ் மேனேஜர்ல சவுண்டுக்குக் கீழ இன்டெல் டிஸ்பிளே ஆடியோ, என்விடியா ஹை டெபினிஷன் ஆடியோ டிசேபிள் ஆகியிருக்கான்னு பாக்கணும்.

ஓரம் வெட்டுறது ஓவர்ஸ்கேன். பழைய பெட்டி டிவி காலத்துல படத்தோட ஓரம் ஒழுங்கா நிக்காது, அத மறைக்க கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுவாங்க, அந்தப் பழக்கத்த இந்த எல்இடி டிவியிலயும் அப்படியே வச்சிருக்காங்க. லேப்டாப்ல ஒண்ணும் மாத்தாதீங்க, டிவி ரிமோட்ல பிக்சர் சைஸ் இல்ல ஆஸ்பெக்ட் போங்க. எல்ஜில 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்ல 'ஸ்கிரீன் ஃபிட்' இல்ல 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனில 'ஃபுல் பிக்சல்', மத்ததுல '1:1', 'டாட் பை டாட்' இப்படி ஏதோ ஒரு பேர்ல இருக்கும்.

எழுத்துக்கும் டிவி பக்கமே வழி இருக்கு. இன்புட் லிஸ்ட்ல ஹெச்டிஎம்ஐ 1ங்கிற பேர 'பிசி'ன்னு மாத்துங்க, நிறைய டிவில பேர மாத்தினாலே டிவி தன்னோட அலங்கார வேலையெல்லாம் நிறுத்திரும். அது இல்லன்னா ஷார்ப்னெஸ்ஸ குறைச்சுக்கிட்டே வாங்க, அந்த வெள்ளைக் கோடு எங்க மறையுதோ அங்க நிறுத்துங்க.

கோவை மெக்கானிக்:
கறுப்பு சாம்பலா வெளிறிப் போயி தெரிஞ்சா அதுக்கும் ஒரு செட்டிங் இருக்குங்க. டிவிக்கு வழக்கமா வர்ற சிக்னல்ல கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டர்ல 0, 255. ஒரு பக்கம் லிமிட்டெட்னும் இன்னொரு பக்கம் ஃபுல்லுன்னும் இருந்தா ஒண்ணு வெளிறும், இல்லன்னா இருட்டுப் பகுதியெல்லாம் ஒரே கறுப்பா அப்பிக்கும். என்விடியா கன்ட்ரோல் பேனல்ல அவுட்புட் டைனமிக் ரேஞ்ச், டிவில பிளாக் லெவல் இல்ல ஹெச்டிஎம்ஐ ரேஞ்ச். ரெண்டையும் ஒரே மாதிரி வச்சுக்கிட்டா போதும்.

நைட்ஷிப்ட்:
டீச்சர் லேப்டாப் சரியாயிருச்சு, ஆனா நாளைக்கு வேற யாராவது அவங்க லேப்டாப்ப அந்தக் கேபிள்ல சொருகினா மறுபடி நோ சிக்னல்தான் வரும். அதனால டிவி பக்கமே ஒரு மாற்றம் பண்ணலாம். ஹெச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட், யுஹெச்டி கலர், இன்புட் சிக்னல் ப்ளஸ், டீப் கலர்னு கம்பெனிக்கு ஒரு பேர்ல இருக்கும், அத ஸ்டாண்டர்டு இல்ல ஆஃப்ல வச்சா டிவி தன்னோட ஈடிஐடிலயே 4கே 60 முழுசா தாங்கும்னு சொல்றத நிறுத்திரும். சொருகுற யாரும் எதையும் மாத்த வேண்டாம்.

கோவை மெக்கானிக்:
அதுல எனக்கு ஒரு தயக்கம்ங்க. ஸ்டாண்டர்டுல வச்சாலும் டிவி 4கே 30ஐ சொல்லும், இல்லன்னா நிறத்தோட அளவ குறைச்ச 4:2:0ல 4கே 60. ரெண்டுக்கும் 8.91 ஜிகாபிட் வேணும். இந்தப் பத்து மீட்டர் அத தாங்குமாங்கறது போட்டுப் பாத்தாத்தான் தெரியும். தாங்கினாலும் 30ல மவுஸ் இழுத்து இழுத்து போகும், ஜியோஜீப்ராவுல புள்ளிய நகர்த்தும்போது கண்ணுக்கு உறுத்தும். 4:2:0ல சிவப்பு எழுத்து நீல எழுத்தெல்லாம் ஓரம் மங்கும். வகுப்புக்கு 1080 60 தான் நல்லது, அதுக்கு 4.455 ஜிகாபிட் போதும், அத இந்தக் கேபிள் சுத்தமா தாங்குது, பின்னாடி உக்கார்ற பிள்ளைக்கு 43 இன்ச்ல 4கேவுக்கும் 1080க்கும் வித்தியாசமும் தெரியாது.

நைட்ஷிப்ட்:
எழுத்து மங்கும்ங்கறது சரிதான் சார், ஒத்துக்கறேன். ஆனாலும் ஒண்ணுமே வராம நிக்கிறதுக்கு மங்கலா வர்றது பரவால்ல, வந்த பிறகு ஆளு 1080க்கு மாத்திக்கலாம். டீச்சர் ரெண்டையும் ஒரு நாள் வச்சுப் பாத்து எது ஒத்து வருதோ அத வச்சுக்கட்டும்.

தென்காசி டீச்சர்:
டிவில ஸ்டாண்டர்டு வச்சுப் பாத்தேன், நீளக் கேபிள்ல 4கே 30 வருது, ஆனா அப்பப்ப ஒரு நொடி கறுத்துட்டு வருது. அதனால கோவை சார் சொன்ன 1080 60க்கே வந்துட்டேன். டிவில மட்டும் ஸ்டாண்டர்டாவே விட்டுட்டேன், தம்பி சொன்னது போல வேற யாரு வந்து சொருகினாலும் ஏதாவது தெரியும்ல.

ஜஸ்ட் ஸ்கேன் மாதிரி ஒண்ணு எங்க டிவிலயும் இருந்துச்சு, குடுத்ததும் டாஸ்க்பார் முழுசா வந்துருச்சு. பேர பிசின்னு மாத்தினதும் எழுத்து அச்சடிச்ச மாதிரி ஆயிருச்சு. நேத்து வகுப்புல வட்டத்துக்கு வெளிய ஒரு புள்ளிய வச்சு, அத இழுக்க இழுக்க ரெண்டு தொடுகோடும் கூடவே நீளுறதக் காட்டினேன், ரெண்டும் எப்பவும் சமமாவே இருக்குன்னு நான் சொல்றதுக்கு முன்னாடி ஒரு பிள்ளை சொல்லிருச்சு.

வைகைக்கரை:
அக்கா வயரே இல்லாம விண்டோஸ் கீயும் கே-யும் அமுக்கினா டிவிக்கு போகும்ல, அது ட்ரை பண்ணலயா?

நைட்ஷிப்ட்:
மிராகாஸ்ட். டிவியும் லேப்டாப்பும் ரெண்டுமே அத சப்போர்ட் பண்ணணும். ஸ்லைடு, போட்டோ காட்ட நல்லா இருக்கும், ஆனா படம் கொஞ்சம் பின்னாடியே வரும். நீங்க புள்ளிய இழுத்து முடிச்ச பிறகு டிவில அது நகரும், பாடம் நடத்தும்போது கை தடுமாறும். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல நெருக்கும்போது விட்டு விட்டும் வரும். வயர் இருக்கும்போது வயர்தான்.

பனைமரம்:
வணக்கம் எல்லாருக்கும், நான் யாழ்ப்பாணம். எனக்கும் 'நோ சிக்னல்' தான், ஆனா என்ர கதை வேற மாதிரிக் கிடக்கு. லப்டொப்பில டிஸ்பிளேக்க போனா ஒரு பெட்டி மட்டும்தான் தெரியுது, ரிவியின்ர பேர் வரேல்ல. கட்டைக் கேபிளாலயும் போட்டுப் பாத்தனான், வேற ரிவிலயும் கொழுவிப் பாத்தனான், இல்லை. போன ஐப்பசி மழைக்க ரிவியில கேபிள் ரிவி வயரும் கொழுவிக் கிடக்கேக்க எச்டிஎம்ஐய செருகினனான், அப்ப கையில சுர்ரெண்டு ஒரு ஊசி குத்தின மாதிரி இருந்தது. அதுக்குப் பிறகுதான் இப்பிடி. சாஜரை எடுத்துப்போட்டு பவர் பட்டனை அமத்திப் பிடிச்சும் பாத்திட்டன். கோவை அண்ணை, இது போட்டுத்தானோ?

கோவை மெக்கானிக்:
உங்களுது பெரும்பாலும் போர்ட் தானுங்க, வருத்தமா இருக்கு சொல்ல. பேரும் வரல, கேபிள் மாத்தியும் இல்ல, வேற டிவிலயும் இல்ல, கை சுர்ருன்னதுக்கு அப்புறம்தான் ஆச்சு. எல்லாம் ஒரே பக்கம் காட்டுது. ஒரே ஒரு சோதனை பாக்கி, டிவைஸ் மேனேஜர்ல கிராபிக்ஸ் டிரைவர் எல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துருங்க, நைட்ஷிப்ட் தம்பி மேல சொன்னாரே அது.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ரெண்டு பின் சார்ஜர், ரெண்டு பின் டிவி, செட்டாப் பாக்ஸ் அடாப்டர் இதுக்கெல்லாம் எர்த் கிடையாது. உள்ள இருக்கிற பவர் சப்ளைல இரைச்சல அடக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பாங்க, அதன் வழியா மெயின்ஸ்ல இருந்து துளி கசிவு பாடிக்கு வரும். மல்டிமீட்டர வச்சா நூறு வோல்ட் பக்கத்துல காட்டும், டெஸ்டர்கூட மெல்லிசா எரியும். மனுசனக் கொல்ற அளவுக்கு கரண்ட் அதுல இல்ல, சுர்ருன்னு மட்டும் இருக்கும். ஆனா ஹெச்டிஎம்ஐ சிப் உள்ள இருக்கிறது சில வோல்ட்டு தாங்கற சாமான். கேபிள் டிவி வயரோட வெளி வலை தெருவுல எங்கயோ போயி எர்த் ஆகியிருக்கும், உங்க லேப்டாப் பாடி அந்தரத்துல மிதக்குது. ரெண்டையும் ஹெச்டிஎம்ஐ மூலமா இணைச்ச அந்த நொடி வித்தியாசம் எல்லாம் அந்த முனை வழியாத்தான் பாயும். வெளி உலோகக் கூடு மொதல்ல தொடணும்னுதான் டிசைன், கோணலா சொருகினா பின்னும் கூடவே மாட்டிக்கும். மழைக்காலத்துல மின்னல் வயர்ல ஏறினா சொல்லவே வேண்டாம், என்கிட்ட ஐப்பசி கார்த்திகைலதான் இந்தக் கேஸ் குவியும்.

இனிமே சொருகும்போது டிவியையும் லேப்டாப்பையும் சுவிட்ச்ல ஆஃப் பண்ணிட்டு, கேபிள் டிவி வயர உருவிட்டு, ஹெச்டிஎம்ஐய மாட்டின பிறகு மத்தத கொடுங்க. மூணு பின் சார்ஜர்னா மூணாவது பின்னுக்கு உண்மையிலயே எர்த் வருதான்னு எலக்ட்ரீசியன வச்சுப் பாத்துருங்க. இடி இடிச்சா ரிமோட்ல அணைச்சது பத்தாது, வயர உருவணும்.

பனைமரம்:
விளங்குது அண்ணை. எங்கட பக்கம் வட்டப் பின்னும் சதுரப் பின்னும் கலந்துதானே கிடக்கு, நான் ஒரு கன்வேட்டர் போட்டுத்தான் சாஜர கொழுவிறனான், அதில எர்த்துக்கு ஓட்டையே இல்லை, இப்பதான் திருப்பிப் பாக்கிறன். டிரைவர் எல்லாம் சரியாத்தான் கிடக்கு. போட்டை மாத்தச் சொன்னா நல்ல காசு கேப்பினம். வேற வழி ஏதும் இருக்கோ?

கோவை மெக்கானிக்:
இருக்குங்க. முழு போர்டு மாத்த வேண்டிய அவசியம் எப்பவும் இல்ல. நிறைய மாடல்ல ஹெச்டிஎம்ஐ முனைக்குப் பக்கத்துலயே ஒரு சின்னப் பாதுகாப்பு ஐசி இல்லன்னா லெவல் மாத்தற ஐசி இருக்கும், அடி அதோட நின்னிருந்தா அத மட்டும் மாத்திரலாம். சிப் லெவல் வேலை பாக்குற ஆள்கிட்ட கேளுங்க, '5 வோல்ட் வருதா, ஹாட் பிளக் லைன் ஷார்ட் ஆயிருக்கா'ன்னு பாக்கச் சொல்லுங்க, இந்தக் கேள்விக்கு பதில் சொல்லத் தெரிஞ்ச ஆளா இருந்தா நம்பிக் குடுக்கலாம்.

நைட்ஷிப்ட்:
பனைமரம், லேப்டாப்ல டைப் சி போர்ட் இருக்கா? இருந்தா அதுக்குப் பக்கத்துல என்ன குறி போட்டிருக்குன்னு பாருங்க. டைப் சி வடிவத்துல இருக்கிறதெல்லாம் படம் அனுப்பாது. மின்னல் குறி இருந்தா தண்டர்போல்ட், டி-யும் பி-யும் சேர்ந்த மாதிரி குறி இருந்தா டிஸ்பிளேபோர்ட், இந்த ரெண்டுலயும் டைப் சில இருந்து ஹெச்டிஎம்ஐ அடாப்டர் போட்டு படம் எடுக்கலாம். குறியே இல்லன்னா மாடல் நம்பர கம்பெனி பக்கத்துல போட்டு 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்'னு எழுதியிருக்கான்னு பாத்துட்டு அடாப்டர் வாங்குங்க.

வைகைக்கரை:
அய்யோ அண்ணே, நான் போன வாரம்தான் அந்த அடாப்டர் வாங்கினேன், சொருகினா ஒண்ணுமே வரல, அடாப்டர்தான் டூப்புன்னு நினைச்சு திருப்பி அனுப்ப இருந்தேன். என்னோடதுல யூஎஸ்பி குறியும் பக்கத்துல 5ன்னும்தான் போட்டிருக்கு.

நைட்ஷிப்ட்:
அந்த 5 டேட்டாவோட வேகம், நொடிக்கு 5 ஜிகாபிட். படத்துக்கு அதுல உத்தரவாதம் இல்ல, மாடல் நம்பர போட்டுப் பாருங்க. ஆல்ட் மோட் இல்லன்னா அடாப்டர் மேல தப்பில்ல. உங்க லேப்டாப்ல ஹெச்டிஎம்ஐ நல்லாத்தானே இருக்கு, அதையே வச்சுக்கோங்க. அதுவும் இல்லாதவங்களுக்கு யூஎஸ்பி டேட்டா வழியாவே படம் அனுப்புற டிஸ்பிளேலிங்க் அடாப்டர்னு ஒண்ணு இருக்கு, டிரைவர் போடணும், விலையும் கூட.

பனைமரம்:
என்ரயில மின்னல் குறி கிடக்கு! பக்கத்து வீட்டுத் தம்பியட்ட அந்த அடாப்டர் இருக்கு, பின்னேரம் வாங்கிப் பாத்திட்டுச் சொல்லுறன். முதல்ல அந்தக் கன்வேட்டரைக் கழட்டி எறியிறன்.

பனைமரம்:
ரிவி பேர் வருது, படமும் வருது. செருகிறதுக்கு முதல் ரெண்டையும் ஓஃப் பண்ணி, கேபிள் வயரையும் கழட்டிப்போட்டுத்தான் கொழுவினனான். எச்டிஎம்ஐ போட்டைப் பிறகு ஆறுதலாப் பாப்பம். கோவை அண்ணைக்கும் நைட்ஷிப்டுக்கும் நன்றி.